ரேர்லி, ஹார்ட்லி, எனி, மெனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. 'எப்போதாவதுதான்' என்று பொருள்தரும் வினையடைகளும் 'எவ்வளவு, எத்தனை' என்று சொல்லும் அளவுச்சொற்களும் ஒரே வாக்கியத்தில் சேரும்போது எழுபவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

எந்தெந்தச் சொற்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் அபூர்வத்தைச் சொல்பவை: 'ரேர்லி', 'செல்டம்', 'ஹார்ட்லி எவர்', 'ஸ்கேர்ஸ்லி எவர்'. நான்குக்கும் 'அத்தி பூத்தாற்போல்' என்று சொல்லிவிடலாம். 'ரேர்லி' எங்கும் பொருந்தும். 'செல்டம்' கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும், 'ஸ்கேர்ஸ்லி எவர்' இன்னும் கூடுதலாக. பேச்சில் அதிகம் காதில் விழுவது 'ஹார்ட்லி எவர்'. அடுத்து அளவுச்சொற்கள்: 'எனி', 'சம்', 'மச்', 'மெனி', 'ஃப்யூ', 'லிட்டில்', 'ஆல்', 'எவ்ரி', 'நோ'.

இரண்டுக்கும் நடுவில் 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி', 'பேர்லி' என்று மூன்று இருக்கின்றன. இவை தனியாக நின்றால் காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 'கிட்டத்தட்ட இல்லை' என்ற மட்டத்தை மட்டும் சொல்லும். எது கிட்டத்தட்ட இல்லை என்பதைப் பக்கத்தில் வரும் சொல்தான் முடிவுசெய்யும். குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் 'ரேர்லி'யோடு ஒரே பையில் போடுவதால் வருகிறது.

'ஹார்ட்லி' என்றால் ஹார்டாக, கடினமாக என்றுதானே அர்த்தம்?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பலமாக, துணிச்சலாக என்ற பொருளில் புழங்கிய சொல் அது. பிறகு 'கஷ்டப்பட்டுத்தான்' என்று சுருங்கி, கடைசியில் 'கிட்டத்தட்ட இல்லை' என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இன்று 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடினமாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலை என்று சொல்லும்படி எதுவும் செய்வதில்லை. ஒருவரைப் பாராட்டி எழுதும் கடிதத்தில் இதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

'அக்கேஷனலி'யும் 'ரேர்லி'யும் ஒன்றுதானே? ரெண்டுமே எப்போதாவதுதானே?

எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம், பார்வை வேறு. ஒருவர் மாதத்துக்கு இரண்டு முறை கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஹி அக்கேஷனலி கால்ஸ்' என்பவர் அந்த இரண்டு அழைப்புகளைப் பார்க்கிறார். 'ஹி ரேர்லி கால்ஸ்' என்பவர் அழைப்பு வராத மற்ற நாட்களைப் பார்க்கிறார். தமிழிலும் 'எப்போதாவது கூப்பிடுவார்' என்பதில் ஒரு நிறைவு இருக்கிறது, 'கூப்பிடுவதே அபூர்வம்' என்பதில் ஒரு குறை இருக்கிறது, இல்லையா? அதே வித்தியாசம்தான்.

ஆங்கில இலக்கணம் இந்த வித்தியாசத்தைக் கறாராகக் கவனிக்கும். வாக்கியத்தின் வாலில் ஒட்டும் சின்னக் கேள்வியைப் பாருங்கள். 'ஹி அக்கேஷனலி கால்ஸ், டசன்ட் ஹி?' என்று வரும். 'ஹி ரேர்லி கால்ஸ்' என்றால் 'டஸ் ஹி?' என்று மாறிவிடும். எதிர்மறை வாக்கியத்துக்குத்தான் அப்படி நேர்மறை வால் வரும். அதேபோல 'ஷி செல்டம் டிரைவ்ஸ்' என்றதும் 'அவள் தம்பியும் அப்படித்தான்' என்று சேர்க்க 'நீதர் டஸ் ஹர் பிரதர்' என்பார்கள், 'சோ டஸ்' என்று சொல்ல மாட்டார்கள். எட்வர்ட் க்ளைமா என்ற அமெரிக்க மொழியியலாளர் 1964-இல் இப்படிப்பட்ட சோதனைகளை வைத்துத்தான் 'ரேர்லி', 'செல்டம்', 'ஹார்ட்லி' எல்லாம் 'நாட்' இருக்கும் அணியைச் சேர்ந்தவை என்று காட்டினார். 'அக்கேஷனலி', 'சம்டைம்ஸ்' இரண்டும் எதிர் அணி.

'ரேர்லி'க்கு அப்புறம் ஏன் 'எனி' வருகிறது? வினைச்சொல் பாசிட்டிவாகத்தானே இருக்கிறது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் அச்சாணி இந்தக் கேள்விதான். தமிழில் 'இல்லை' என்பது வினையின் வாலில் உட்காரும்: 'யாரும் வரவில்லை', 'எதையும் சொல்ல மாட்டார்'. முன்னால் 'யாரும்', 'எதையும்' என்று வந்தால் வினை எதிர்மறையாக முடிய வேண்டும் என்பது நம் காதில் ஊறிப்போனது. ஆங்கிலத்தில் 'ஹி ரேர்லி சேஸ் எனிதிங்' என்ற வாக்கியத்தின் வினை 'சேஸ்', அதில் எதிர்மறையே தெரியவில்லை. அதனால் 'எனி' எப்படி நுழைந்தது என்று குழம்புகிறோம். எதிர்மறை 'ரேர்லி'க்குள் ஒளிந்திருக்கிறது. 'எனி' தேடுவது எதிர்மறையின் நிழலை, அது வினையில் இருந்தாலும் சரி, வினையடையில் இருந்தாலும் சரி. 'அக்கேஷனலி'க்கு அந்த நிழல் கிடையாது. அதனால் 'ஹி அக்கேஷனலி சேஸ் சம்திங்' என்றுதான் வரும்.

'எனி' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண்ணிலிருந்து வந்தது. 'ஒன்றும் இல்லை', 'ஒருவரும் வரவில்லை' என்று நாமும் அதே எண்ணை வைத்துத்தான் இல்லாமையைச் சொல்கிறோம். இதை நினைவில் வைத்தால் 'எனி'யின் குணம் அந்நியமாகத் தெரியாது.

அப்படியானால் 'ரேர்லி'யோடு 'சம்' வரவே கூடாதா? வரலாம், பொருள் மாறும். 'தேர் ஆர் சம் ப்ரோக்ராம்ஸ் ஐ ரேர்லி மிஸ்' என்றால், குறிப்பிட்ட சில நிகழ்ச்சிகள் இருக்கின்றன, அவற்றை நான் தவறவிடுவது அபூர்வம். இங்கே 'சம்' என்பது 'ரேர்லி'யின் நிழலுக்கு வெளியே நிற்கிறது.

'ஹார்ட்லி எனி' சரி என்கிறீர்கள். அதே மாதிரி 'ரேர்லி எனி' என்று எழுதினால் ஏன் திருத்துகிறீர்கள்?

'ஹார்ட்லி எனி' ஒட்டிப் பிறந்த ஜோடி. இரண்டும் சேர்ந்து ஒரே அளவுச்சொல்லாக, 'விரல் விட்டு எண்ணிவிடலாம்' என்ற பொருளில் வேலை செய்யும். அதனால் அது எங்கும் போகும். எழுவாயாக: 'ஹார்ட்லி எனிஒன் கேம்'. வினைக்குப் பின்னால்: 'தே மேட் ஹார்ட்லி எனி நாய்ஸ்'. பால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் 'ஹார்ட்லி எனி' என்று இரண்டே சொல்லில் பதில் சொல்லலாம். 'ரேர்லி எனி' என்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் 'ரேர்லி'க்கு அளவு தெரியாது, காலம்தான் தெரியும். அது வினையைத்தான் பிடித்துக்கொள்ளும். 'தே ரேர்லி மேட் எனி நாய்ஸ்' சரி. 'தே மேட் ரேர்லி எனி நாய்ஸ்' இடறும். 'ரேர்லி எனிஒன் கேம்' தவறு. 'தேர் இஸ் ரேர்லி எனி நாய்ஸ்' என்பதில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், 'ரேர்லி' கைகோத்திருப்பது 'இஸ்' என்ற வினையோடு.

பொருளும் வேறு என்பதைக் காட்ட நான் எப்போதும் இரண்டு நூலகங்களைச் சொல்வேன். முதல் நூலகத்துக்கு தினமும் அதே இரண்டு பேர் வருகிறார்கள், வேறு ஆளே கிடையாது. அங்கே 'ஹார்ட்லி எனிஒன் கம்ஸ்' உண்மை. 'ரேர்லி டஸ் எனிஒன் கம்' என்பது பொய், ஏனென்றால் ஆள் வராத நாளே இல்லை. இரண்டாவது நூலகம் வருடம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது, ஒரே ஒரு நாள் விழாவுக்கு 500 பேர் வருகிறார்கள். அங்கே 'ரேர்லி டஸ் எனிஒன் கம்' உண்மை. 'ஹார்ட்லி எனிஒன் கம்ஸ்' என்று சொன்னால் அந்த 500 பேர் கோபித்துக்கொள்வார்கள். நாட்களை எண்ணுகிறீர்களா, தலைகளை எண்ணுகிறீர்களா? எழுதும் முன் அதைக் கேட்டுக்கொண்டால் சொல் தானாக வந்து விழும்.

'ஹார்ட்லி எவர்' சரி என்றால் 'ரேர்லி எவர்' ஏன் தப்பு?

'ஹார்ட்லி'க்குக் காலம் தெரியாது என்று மேலே சொன்னேன். அதற்குக் காலத்தைக் கொடுக்கத்தான் 'எவர்' வருகிறது. 'ரேர்லி'க்குள் காலம் ஏற்கெனவே இருப்பதால் இன்னொரு 'எவர்' கூடுதல் சுமை. பேச்சில் 'ரேர்லி எவர்' நிறையவே கேட்கலாம், அதைத் தப்பு என்று சண்டை போடத் தேவையில்லை. எழுத்தில் விட்டுவிடுங்கள்.

அழுத்தம் வேண்டுமென்றால் 'ரேர்லி, இஃப் எவர்' என்று எழுதுங்கள். 'அபூர்வம், அதுவும் உண்டோ என்னவோ' என்ற பொருள். இதற்கு அளவில் ஒரு தம்பி உண்டு: எண்ணக்கூடியதற்கு 'ஃப்யூ, இஃப் எனி', எண்ண முடியாததற்கு 'லிட்டில், இஃப் எனி'. காலத்துக்கு 'எவர்', அளவுக்கு 'எனி'. 'செல்டம் ஆர் எவர்' என்று சிலர் எழுதுகிறார்கள், அது 'இஃப் எவர்' என்பதும் 'ஆர் நெவர்' என்பதும் கலந்துபோன பிழை.

'எங்களுக்குப் புகார்களே வருவதில்லை' என்பதற்கு 'ரேர்லி'யோடு 'நோ' போட்டால் இன்னும் அழுத்தமாக இருக்குமே?

தலைகீழாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் நிறுவனத்துக்காக வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பும் முன் பார்க்கச் சொன்னார். இரண்டாவது பத்தியில் பெருமையாக ஒரு வரி: 'வி ரேர்லி ரிசீவ் நோ கம்ப்ளெயின்ட்ஸ்'. அவர் சொல்ல நினைத்தது புகார் வருவது அபூர்வம் என்று. வாக்கியம் சொல்வது, புகார் வராமல் இருப்பதுதான் எங்களிடம் அபூர்வம் என்று! 'ரேர்லி' ஓர் எதிர்மறை, 'நோ' இன்னொன்று. இரண்டும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

'நோ'வை 'எனி' ஆக்கினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் அவரிடம் புகார்கள் எப்படி வருகின்றன என்று கேட்டேன். மாதத்துக்கு ஒன்று, தவறாமல் வருகிறது என்றார். வாடிக்கையாளர்களோ ஆயிரக்கணக்கில். நூலகக் கதையைச் சொன்னேன். மாதாமாதம் வருவதை 'ரேர்லி' என்பது கொஞ்சம் இழுப்பு, எண்ணிக்கை குறைவு என்பதுதான் உண்மை. கடைசியில் 'வி ரிசீவ் ஹார்ட்லி எனி கம்ப்ளெயின்ட்ஸ்' என்று போனது.

'ஹார்ட்லி நோபடி', 'கான்ட் ஹார்ட்லி', 'வித்தவுட் ஹார்ட்லி எனி' எல்லாம் இதே வகைப் பிழைகள். சரியானவை 'ஹார்ட்லி எனிபடி', 'கேன் ஹார்ட்லி', 'வித் ஹார்ட்லி எனி'. தமிழ்ப் பழக்கத்தால் வரும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஹார்ட்லி எனிஒன் டிட் நாட் கம்'. வினையை எதிர்மறையாக முடிக்க வேண்டும் என்று கை பரபரக்கும். அப்படி முடித்தால் 'வராதவர்களை விரல் விட்டு எண்ணலாம்', அதாவது ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றாகிவிடும்.

'மச்', 'மெனி'யோடு எதைச் சேர்ப்பது? 'ஹார்ட்லி மச்' சொல்லலாமா?

இவை 'ரேர்லி'யோடு நன்றாக இழையும். 'ஹி ரேர்லி சேஸ் மச்', 'தேர் ஆர் ரேர்லி மெனி பீப்பிள் ஹியர்'. உண்மையில் 'ஹி சேஸ் மச்' என்று வெறுமனே சொன்னால் காதில் ஏதோ உறுத்தும், 'ரேர்லி' சேர்ந்ததும் இயல்பாகிவிடும். 'மச்'சுக்கும் எதிர்மறையின் நிழல் பிடிக்கும் என்பதற்கு அது சாட்சி. 'ஹார்ட்லி மச்', 'ஹார்ட்லி மெனி' அவ்வளவு இயல்பாக ஒலிப்பதில்லை, அந்த இடத்துக்கு 'ஹார்ட்லி எனி' இருக்கிறதே. 'ஹார்ட்லி எ லாட்' என்றால் தொனி வேறு: 'இதைப் போய் அதிகம் என்று சொல்ல முடியுமா?'

'ஃப்யூ'வும் 'எ ஃப்யூ'வும்?

'ஃப்யூ' தானே ஓர் எதிர்மறை, 'எ ஃப்யூ' நேர்மறை. 'அக்கேஷனலி', 'ரேர்லி' கதைதான், இங்கே எண்ணிக்கைக்கு. அதனால் 'ரேர்லி'யோடு வெறும் 'ஃப்யூ' சேர்ப்பதைத் தவிருங்கள், படிப்பவர் தலை சுற்றும். 'ரேர்லி'யோடு 'ஜஸ்ட் எ ஃப்யூ' வரும்: 'ஷி ரேர்லி ரீட்ஸ் ஜஸ்ட் எ ஃப்யூ பேஜஸ்'. சில பக்கங்களோடு நிறுத்துவது அவளிடம் அபூர்வம், எடுத்தால் நிறையப் படித்துவிடுவாள். நம்மவர்கள் இதை 'அவள் அதிகம் படிப்பதில்லை' என்று நேரெதிராகப் புரிந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எண்களோடு வந்தால்? 'ரேர்லி டென் பீப்பிள்' என்று எழுதலாமா?

கூடாது. எண்ணைத் தொடுவது 'பேர்லி', 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி'யின் வேலை. 'பேர்லி டென் பீப்பிள் கேம்' என்றால் பத்துப் பேர் தேறுவதே பெரும்பாடாக இருந்தது. 'ரேர்லி'க்கு ஒரு ஒப்பீடு வேண்டும்: 'ரேர்லி மோர் தன் டென் பீப்பிள் கம்', பத்துக்கு மேல் வருவது அபூர்வம். முதல் வாக்கியம் ஒரு நாள் கூட்டத்தைப் பற்றியது, இரண்டாவது பல நாள் கணக்கு.

'ஆல் த ஸ்டூடன்ட்ஸ் ரேர்லி கம்' என்றால் எல்லாரும் சேர்ந்து வருவது அபூர்வமா, ஒவ்வொருவரும் வருவதே அபூர்வமா?

நல்ல கேள்வி, நிதானமாகப் பார்ப்போம். 30 பேர் கொண்ட வகுப்பு. தினமும் 29 பேர் வருகிறார்கள், யாராவது ஒருவர் மட்டும் முறை வைத்த மாதிரி விடுப்பு எடுக்கிறார். இந்த வகுப்பில் 'ரேர்லி டு ஆல் த ஸ்டூடன்ட்ஸ் கம்' உண்மை. 30 பேரும் கூடுவது அபூர்வம். இன்னொரு வகுப்பில் தினமும் இரண்டு பேர்தான் வருகிறார்கள், தினமும் வேறு இரண்டு பேர். அங்கே ஒவ்வொருவரும் வருவதே அத்தி பூத்தாற்போல். அதைச் சொல்ல 'ஆல் த ஸ்டூடன்ட்ஸ் ரேர்லி கம்' என்று எழுதலாம், ஆனால் முதல் பொருளும் அதில் எட்டிப்பார்க்கும். 'ஈச் ஸ்டூடன்ட் ரேர்லி கம்ஸ்' என்றால் சந்தேகமே வராது.

பொதுவாக, வரிசையில் முன்னால் நிற்பது பின்னால் வருவதை ஆளும். 'ரேர்லி' முன்னால் வந்தால், எல்லாரும் கூடுவதை அது அபூர்வமாக்குகிறது. 'ஆல்' முன்னால் வந்தால், எல்லாருக்கும் அந்த அபூர்வத்தைப் பங்குவைக்கிறது. தமிழும் இதில் விலக்கில்லை. 'எல்லாரும் வருவது அரிது' என்றால் முதல் வகுப்பு, 'எல்லாருமே அரிதாகத்தான் வருவார்கள்' என்றால் இரண்டாவது. தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் தடுமாற்றம் குறையும்.

'மெனி'யிலும் அப்படியே. 'மெனி ஸ்டூடன்ட்ஸ் ரேர்லி ஆஸ்க் க்வெஸ்டியன்ஸ்': பலர் வாய் திறப்பதே அபூர்வம், மற்றவர்கள் கேட்கலாம். 'ஸ்டூடன்ட்ஸ் ரேர்லி ஆஸ்க் மெனி க்வெஸ்டியன்ஸ்': கேட்கிறார்கள், ஆனால் ஒன்றிரண்டோடு சரி. 'ரேர்லி டு மெனி ஸ்டூடன்ட்ஸ் ஆஸ்க் க்வெஸ்டியன்ஸ்': பலர் கேட்கும் நாள் அபூர்வம். ஏறக்குறைய ஒரே சொற்கள்தான், இடம் மாறியதும் மூன்று வகுப்பறைகள். 'எவ்ரி'யும் இந்த வழியில்தான் போகும்: 'ஹி ரேர்லி ஆன்சர்ஸ் எவ்ரி க்வெஸ்டியன்' என்றால் ஒன்றிரண்டையாவது விட்டுவிடுவார் என்று பொருள், பதிலே சொல்ல மாட்டார் என்று பொருளில்லை.

'ஹார்ட்லி எனி'க்கு 'கிட்டத்தட்ட' என்றுதானே அர்த்தம்? அப்போ 'அல்மோஸ்ட் எனி'யும் அதேதானா?

நேரெதிர். 'அல்மோஸ்ட் எனி சைல்ட் கேன் டு இட்' என்றால் ஏறக்குறைய எந்தக் குழந்தையாலும் முடியும். 'அல்மோஸ்ட்' நேர்மறை அணி, அதனால் அங்கே 'எனி' என்பது 'எந்த ஒன்றும்' என்று விரிகிறது. 'ஹார்ட்லி எனி'க்கு நிகர் வேண்டுமென்றால் 'அல்மோஸ்ட் நோ'.

'ரேர்லி'யை வாக்கியத்தின் தொடக்கத்தில் போட்டால் 'டு', 'டஸ்' முன்னால் வருகிறது. 'ஹார்ட்லி எனிஒன்' தொடக்கத்தில் வந்தால் ஏன் வருவதில்லை?

எதிர்மறை வினையடை தன் இடத்தைவிட்டு முன்னால் வந்தால் துணைவினையையும் இழுத்துக்கொண்டு வரும்: 'ரேர்லி டு வி சீ எனி பேர்ட்ஸ்'. 'அக்கேஷனலி' நேர்மறை அணிக்காரர் என்பதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை: 'அக்கேஷனலி வி சீ சம் பேர்ட்ஸ்'. 'ஹார்ட்லி எனிஒன் நோஸ்' என்பதில் எதுவும் இடம் மாறவே இல்லை. 'ஹார்ட்லி எனிஒன்' முழுவதும் எழுவாய், எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. 'ஹார்ட்லி எவர்' வினையடை, அதனால் முன்னால் வந்தால் 'ஹார்ட்லி எவர் டு தே…' என்று தொடரும்.

'ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென்…' என்று தொடங்கும் வாக்கியம் வேறு ரகம். 'நான் உட்கார்ந்தேனோ இல்லையோ' என்பது அதன் பொருள். அபூர்வத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று 'எனி', 'எவர்' வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்மறை வேண்டாமா?

வேண்டாம். ஒரே ஒரு எதிர்மறை முன்னால் நின்றால் போதும், அதன் நிழலில் எத்தனை பேரும் ஒதுங்கலாம். 'ஹார்ட்லி எனிஒன் எவர் டெல்ஸ் ஹிம் எனிதிங்' என்ற வாக்கியத்தில் ஒரு 'ஹார்ட்லி' மூன்று பேரைத் தாங்குகிறது. 'அவரிடம் யாரும் எப்போதும் எதையும் சொல்வதே இல்லை எனலாம்' என்று தமிழில் மூன்று 'உம்'மை ஒரு 'இல்லை' தாங்குவதைப் பாருங்கள். ஒரே வித்தியாசம், நம் 'இல்லை' கடைசியில் வந்து கணக்கை முடிக்கிறது, அவர்களுடையது முதலிலேயே வந்துவிடுகிறது.

இன்னோர் எதிர்மறையைச் சேர்த்தால்தான் சிக்கல். 'ஃப்யூ பீப்பிள் ரேர்லி லை' என்ற வாக்கியத்தை ஒரு மாணவி கொண்டுவந்தார். இலக்கணப்படி பிழையில்லை. பொருள்: பொய் சொல்வதை அபூர்வமாக வைத்திருப்பவர்கள் சிலரே. அதாவது பெரும்பாலோர் அடிக்கடி பொய் சொல்கிறார்கள். அவர் சொல்ல நினைத்ததோ, பொய் சொல்பவர்கள் குறைவு, அவர்களும் எப்போதாவதுதான் சொல்கிறார்கள் என்று. 'ஃப்யூ பீப்பிள் லை, அண்ட் தே டு சோ ரேர்லி' என்று இரண்டாகப் பிரித்து எழுதினோம்.